வைகாசி மூலம்

ஆண்டுக்கு 365 நாட்கள் வந்து போகின்றன. அவற்றுள் சிலவற்றையே நம் முன்னோர் பெயரிட்டுப் போற்றினர். ஐப்பசிச் சதயம் என்றால் முதலாம் இராசராச சோழன் பிறந்த நாள். ஆடிப் பூரம் என்றால் நமக்கு அணித்தேயுள்ள திருவில்லிபுத்தூரில் ஆண்டாள் தோன்றிய நாள். சித்திரைச் சதயம் என்றால் திருப்புகலூரில் திருநாவுக்கரசர் இறைவன் திருவடி சேர்ந்த நாள். ஒரு நாளுக்கு ஒருவர் என்றே பெரும்பாலும் இவ்வழக்கு அமையும். ஒரே நாளைப் பெரியோர் பலர் பங்கிட்டுக்கொள்ளும் அருமையும் சிலவிடத்து உண்டு. அவற்றுள் சைவ உலகம் தனிப்பெருமையுடன் போற்றுவது வைகாசி மூலம். அறுபத்துமூன்று நாயன்மாருள் நால்வருக்கு அந்நாளே குருபூசை நாள். திருஞானசம்பந்தர், திருநீலநக்கர், முருக நாயனார், திருநீலகண்ட யாழ்ப்பாணர் ஆகிய இந்நால்வரும் ஊரால் வேறுபட்டவர், குலத்தால் வேறுபட்டவர், தொழிலால் வேறுபட்டவர். அவர்களை ஒரு நாள் ஒன்றுசேர்த்தது எவ்வாறு, அந்நாள் இன்று நமக்கு உரைப்பது யாது என்பதை இக்குடமுழுக்கு மலரில் ஆராய்தல் பொருத்தமுடைத்து.

நாள் கணக்கு

ஆங்கிலத் தேதி ஞாயிற்றின் ஓட்டத்தை மட்டும் பற்றியது. நம் விழாநாட்கள் ஞாயிறு நிற்கும் இராசியையும் திங்கள் கூடும் நாண்மீனையும் சேர்த்துக் காண்பவை. வைகாசியில் ஞாயிறு இடப இராசியில் நிற்கும். அதற்கு நேரெதிரே விருச்சிகத்தில் திங்கள் வருங்கால் முழுமதி. ஆதலால் அத்திங்களின் முழுமதி விசாகத்தின் இறுதிப் பாதத்திலேனும், அனுடத்திலேனும், கேட்டையிலேனும் அமையும். அதனை அடுத்த மீன் மூலம். ஆகவே வைகாசி மூலத்தன்று நிலவு முழுமை நீங்கித் தேயத் தொடங்கியிருக்கும். திங்கள் 27 நாள் 8 நாழிகை அளவிலன்றி, ஏறத்தாழ 27 நாளும் எட்டு மணி நேரமும் கொண்டு ஒரு மீனுக்கு மீள்வதாலும், வைகாசி 31 நாட்களுக்குக் குறையாததாலும், சில ஆண்டுகளில் ஒரே திங்களில் மூலம் இருமுறை வருவதும் உண்டு. அப்போது அவ்வவ்வாலய மரபு நோக்கி ஒன்றைக் கொள்வர்.

இந்த மூலத்திற்கு முன்னுள்ள சில நாட்களும் பெருமை வாய்ந்தன. வைகாசி விசாகம் முருகப்பெருமானுக்கு உரியது. திருக்குருகூரில் நம்மாழ்வார் அவதரித்ததும் அந்நாளே. அதனை ஒட்டிய முழுமதி நாளில் புத்தர் பெருமான் பிறந்தார், போதம் பெற்றார், நிருவாணம் எய்தினார் என்று பௌத்த உலகம் மூன்றையும் ஒருங்கே கொண்டாடுகின்றது. மறுநாளாகிய அனுடத்தைத் திருவள்ளுவர் பிறந்த நாளாகக் கொள்வது மயிலை மரபு. அவ்வழக்கைத் தழுவியே 1935ஆம் ஆண்டு மே திங்களில் சென்னையில் திருவள்ளுவர் திருநாள் பெருமுயற்சியுடன் கொண்டாடப்பெற்றது. குமரகுருபர அடிகள் காசியில் இறைவனடி எய்தியது வைகாசித் தேய்பிறைத் திருதியை. சில ஆண்டுகளில் அத்திதியும் மூலமும் ஒரே நாளிற் கூடுவதுண்டு.

பிறந்த நாளும் முத்தி நாளும்

குன்றைச் சூழ்ந்த நம் திருத்தங்கலில் நின்ற நாராயணப் பெருமாளும் கோயில் கொண்டுள்ளார். கருநெல்லிநாதரும் கோயில் கொண்டுள்ளார். பூதத்தாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய திருப்பதி இது. இரு கோயில் அன்பர்களும் தத்தம் அடியாரைப் போற்றும் முறையில் ஒரு நுண்ணிய வேறுபாடு உண்டு. வைணவர் ஆழ்வார்களை அவர்கள் அவதரித்த நாண்மீனால் போற்றுவர். சைவர் நாயன்மாரை அவர்கள் சிவனடி கூடிய நாண்மீனால் போற்றுவர். ஞானசம்பந்தர் ஆதிரை நாளிற் பிறந்தார் எனச் சேக்கிழார் கூறியிருந்தும், நாம் குருபூசை செய்வது மூலத்திலேயே. இறைவன் உலகிற்கு ஓர் அடியாரை ஈந்த நாளை ஒரு சாரார் நினைக்கின்றனர். அவ்வடியார் உலகினின்று இறைவனை அடைந்த நாளை மற்றொரு சாரார் நினைக்கின்றனர். ஒரு வழியின் வருகையும் செலவும் போல்வன இவை. முத்தி நாளைப் போற்றும் மரபினாலேதான், வெவ்வேறு ஊரில் வெவ்வேறு காலத்துப் பிறந்த நால்வர் ஒரு நாளில் நமக்குக் கிடைத்தனர். பிறப்பால் பிரிந்தவர் முத்தியால் ஒன்றினர்.

நால்வர் வரலாறு

திருஞானசம்பந்தர் சீகாழியிற் பிறந்தவர். வாதாபிப் போரிற் சென்ற சிறுத்தொண்டர் அவர் காலத்தவர். அப்போர் 642ஆம் ஆண்டை ஒட்டி நிகழ்ந்தமையால் அவர் ஏழாம் நூற்றாண்டினர் என்பது தெளிவு. திருநீலநக்கர் திருச்சாத்தமங்கை அந்தணர். அயவந்தி இறைவனை ஆகம நெறியில் பூசித்தவர். முருக நாயனார் திருப்புகலூரினர். வைகறையில் மலர் பறித்து, வகைவகையாக மாலை தொடுத்து, வர்த்தமானீச்சரத்து இறைவனுக்குச் சாத்தியவர். அவருடைய திருமடத்திலேதான் சம்பந்தரும் அப்பரும் சிறுத்தொண்டரும் நீலநக்கரும் கூடியிருந்து அளவளாவினர். திருநீலகண்ட யாழ்ப்பாணர் திரு எருக்கத்தம்புலியூரினர், பாணர் குலத்தவர். தம் மனைவியார் மதங்கசூளாமணியாருடன் சீகாழிக்கு வந்து, பிள்ளையார் பாடும் பதிகங்களை யாழிலிட்டு வாசிக்கும் பேற்றைப் பெற்றவர்.

பூவும், பூசையும், யாழும், பாட்டும் ஆகிய நான்கும் இந்நால்வரிடத்து உருவெடுத்து நின்றன. ஓர் ஆலயத்தின் அன்றாட வழிபாட்டில் இந்நான்கனுள் ஒன்று குறையினும் குறையே. திருமாலை கட்டுவோர், சிவாசாரியார், மங்கல இசைஞர், ஓதுவார் என இன்று நம் திருக்கோயிலில் பணியாற்றும் நால்வகையாரும் தத்தம் முன்னோரை வைகாசி மூலத்திற் காணலாம்.

பெருமணத்து நிகழ்ச்சி

சீகாழிக்கு வடபால் உள்ள திருநல்லூர்ப் பெருமணம் இன்று ஆச்சாள்புரம் என வழங்குகிறது. அங்கே நம்பாண்டார் நம்பியின் திருமகளாரைச் சம்பந்தர் மணம்புரிந்தார். வேள்விச் சடங்குகளை முன்னின்று நடத்தியவர் திருநீலநக்கர். முருகரும் பாணரும் மற்ற அடியாரும் சூழ நின்றனர். மணம் முடிந்ததும் பிள்ளையார் ஆலயம் புகுந்து பதிகம் பாட, பெருஞ்சோதி ஒன்று எழுந்து கோயில் முழுதும் தன்னுள் அடங்க நின்று வாயில் ஒன்றைக் காட்டியது. நமச்சிவாயத் திருப்பதிகம் பாடி, வந்தவர் யாவரும் அச்சோதியுட் புகுக என அவர் பணித்தார்.

இவ்விடத்தைச் சேக்கிழார் அமைத்த முறை உற்று நோக்கற்பாலது. நீலநக்கரும் முருகரும் புகுந்தனர், தந்தையார் சிவபாத இருதயரும் மாமனார் நம்பாண்டாரும் புகுந்தனர், பெரும்பாணரும் புகுந்தனர், அவரவர் மனைவியரும் சுற்றத்தாரும் உடன் புகுந்தனர். அதனோடு அவர் நிறுத்தவில்லை. முத்துச் சிவிகை தாங்கி வந்தோரும், பணிப்பொருள் சுமந்து வந்தோரும், மணம் காண வந்த பிறரும் புகுந்தனர் என அனைவரையும் எண்ணிச் சொல்கின்றார். எல்லாரும் புகுந்த பின்னரே பிள்ளையார் தம் தேவியாரைக் கைப்பற்றி வலம்வந்து, இறுதியாகத் தாம் புகுந்தார். தலைவர் முற்படப் புகுதலே உலகியல் வழக்கு. ஈண்டோ, தலைவர் தம் சிவிகை சுமந்தாரையும் முன்னே செல்லவிட்டுத் தாம் பின்னே சென்றார். மணநாளே முத்தி நாளாயிற்று. ஒருவர் முத்தி நாளே பலர் முத்தி நாளும் ஆயிற்று. ஆச்சாள்புரத்தில் ஆண்டுதோறும் வைகாசி மூலத்தில் இத்திருமண விழா நடைபெற்று வருகின்றது.

பாணர் கண்ட வாயில்கள்

இந்நால்வருள் யாழ்ப்பாணர் வரலாற்றை வாயிலை நோக்கி மட்டும் ஒருமுறை படித்தல் வேண்டும். மதுரைக்கு வந்த பாணர் திருவாலவாய் வாயிலின் புறத்தே நின்று யாழ் வாசித்தார். இறைவன் அடியார்களுக்குக் கனவில் உணர்த்த, அவர்கள் அவரைத் திருமுன்பு அழைத்துச் சென்றனர். நிலத்தின் ஈரம் தாக்கி யாழ் நரம்பு கெடாதபடி பொற்பலகை இடுக என்ற ஆணையும் பிறந்தது. அடுத்துத் திருவாரூரில் வாயில்முன் நின்று பாடினார். இறைவன் வடதிசையில் வேறு ஒரு வாயில் வகுத்துக் கொடுக்க, அதன் வழியே உட்புகுந்து வணங்கினார். ஓரூரில் பிறர் அழைக்க உட்புகுந்தார். ஓரூரில் தமக்கென வகுத்த தனிவாயிலாற் புகுந்தார்.

பின்பு சம்பந்தருடன் சாத்தமங்கைக்குச் சென்றபோது, இரவில் பாணருக்கும் மதங்கசூளாமணியாருக்கும் தங்க இடம் தருமாறு பிள்ளையார் நீலநக்கரை வேண்டினார். நீலநக்கர் தம் மனையின் நடுவே, வேள்வித் தீ வளர்க்கும் வேதிகையின் அருகே இடம் தந்தார். அவ்வளவில் வேதித் தீ வலஞ்சுழித்து ஓங்கி எரிந்தது என்கின்றது பெரிய புராணம். சகோட யாழ்த் தலைவராகிய பாணர் அங்கே துயின்றார். அந்தணர் இல்லத்து அகத்தீ வரவேற்ற அப்பாணரே, நல்லூர்ப் பெருமணத்தில் அந்தணர் புகுந்த அதே வாயிலாற் சோதியுட் புகுந்தார். திருவாரூரில் வேறு வாயில் வகுத்த இறைவன், பெருமணத்தில் வேறு வாயில் வகுக்கவில்லை. வைகாசி மூலத்தின் பொருள் இதுவே என்பது எம் துணிபு.

அப்பாணர் மரபு சைவத்திற்குச் செய்த உதவி அவரோடு முடிந்ததும் அன்று. தில்லையிலே தேவார ஏடுகள் கிடைத்தபின், அவற்றிற்குப் பண் வகுப்பார் இன்றி நம்பியாண்டார் நம்பிகளும் சோழ மன்னரும் வருந்தினர். எருக்கத்தம்புலியூரில் அப்பாணர் குலத்து வந்த பெண்மணி ஒருவரே பண்ணமைதியைக் காட்டினார் என்று திருமுறை கண்ட புராணம் கூறும். தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய 48 பேரையும், உடுக்கையும் கொட்டிமத்தளமும் முழக்க இருவரையும் இராசராசன் நியமித்து, ஒருவருக்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல் வகுத்த செய்தியைக் கல்வெட்டிற் காண்கிறோம். அந்த ஐம்பதின்மரும் பாணர் குலத்துக்குக் கடன்பட்டவரே.

ஆடிச் சுவாதி

ஒரு நாளை இருவர் பங்கிட்டதற்கு ஆடிச் சுவாதி எடுத்துக்காட்டு. திருவஞ்சைக்களத்தினின்று சுந்தரர் வெள்ளையானை மீது கயிலை சென்றார். அதனை உணர்ந்த சேரமான் பெருமாள் தம் குதிரையின் செவியில் திருவைந்தெழுத்தை ஓதி, தோழரை வலம்வந்து உடன் சென்றார். ஆயினும் கயிலையின் திருவணுக்கன் திருவாயிலில் சேரமான் தடையுண்டு நின்றார். உட்சென்ற சுந்தரர் இறைவனிடம் விண்ணப்பித்த பின்னரே அவருக்கு வழி திறந்தது. முடியுடை வேந்தர்க்கும் வாயிலில் தடை நேர்ந்தது. தோழமையே அத்தடையை நீக்கிற்று. அரசருக்கு ஆடிச் சுவாதியில் பரிந்துரை வேண்டியிருந்தது. சிவிகை சுமந்தாருக்கு வைகாசி மூலத்தில் அதுவும் வேண்டியிருக்கவில்லை.

தங்காலும் அடைத்த கதவும்

வாயிலைப் பற்றிய இச்செய்தி நம் ஊருக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்துக் கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குச் சொல்லும் கதை நம் திருத்தங்காலைப் பற்றியது. சோழநாட்டு அந்தணனாகிய பராசரன், சேரனிடம் பரிசில் பெற்று மீளும் வழியில் தங்கால் மன்றத்தில் இளைப்பாறினான். அங்கு விளையாடிய சிறுவருள் வார்த்திகன் மகன் தக்கிணன், மழலை மாறாத வாயால் மறையைப் பிழையின்றி ஓதினான். மகிழ்ந்த பராசரன் அவனுக்கு அணிகலன் தந்து சென்றான். அச்செல்வத்தைக் கண்டு ஐயுற்ற காவலர் வார்த்திகனைக் கள்வன் எனச் சிறையிட்டனர். அவன் மனைவி கார்த்திகை நிலத்தில் வீழ்ந்து புலம்பினாள். அதுகண்டு ஐயை கோயிற் கதவு திறவாது நின்றது. பாண்டியன் உண்மை அறிந்து, சிறை நீக்கி, திருத்தங்காலையும் வயலூரையும் வார்த்திகனுக்கு அளித்துப் பிழைபொறுக்க வேண்டினான். அப்போதே கதவு திறந்தது. அவ்வொலி கூடல் மாநகர் மறுகெங்கும் கேட்டது. மதுரை எரியுண்ணும் நாள் ஆடித் திங்கள், தேய்பிறை அட்டமி, கார்த்திகை, வெள்ளிக்கிழமை என்று குறிக்கப்படுவதும் அதே காதையிலேயே. அறிஞர் எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை அதனைக் கணித்து 756ஆம் ஆண்டிற்குப் பொருத்தினார். அறிஞர் பலர் அதனை உடன்படவில்லை. ஆண்டு யாதாயினும், நீதி வழுவிய நாளில் கோயிற் கதவு மனிதர் கைக்கு அடங்காது என்ற உண்மையை நம் ஊர்ப் பெயரோடு சேர்த்து இளங்கோவடிகள் பொறித்துவைத்தார்.

அவ்வுண்மையை நம் வட்டாரம் மறந்த காலமும் உண்டு. சிவகாசிச் சிவன் கோயிலுட் புகும் உரிமை நாடார் குலத்தார்க்கு மறுக்கப்பட்டது. பிணக்கு முற்றி, 1899ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் சிவகாசி தாக்குண்டது; வீடுகள் எரிந்தன; உயிர்கள் மாண்டன. அதுவும் வைகாசித் திங்களே. பெருமணத்துச் சோதி எல்லார்க்கும் வழிகாட்டிய அதே திங்களில், கோயில் வாயிலின் பொருட்டு நம் பக்கத்து ஊரில் வேறொரு தீ எழுந்தது. 1897இல் எழுந்த கமுதி ஆலய வழக்கும் இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908இல் நுழைவுரிமை இல்லை என்றே முடிந்தது. பின்னர்க் காலம் மாறிற்று. திருவிதாங்கூரில் 1936 நவம்பர் 12ஆம் நாள் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளிவந்தது. 1939 ஜூலை 8ஆம் நாள் அ. வைத்தியநாத ஐயர் தலைமையில், தாழ்த்தப்பட்ட குலத்து ஐவரும் நாடார் குலத்து அன்பர் ஒருவரும் மதுரை மீனாட்சியம்மன் திருக்கோயிலுட் சென்று வழிபட்டனர். பாணர் புறத்தே நின்று யாழ் வாசித்த அதே திருவாலவாய் அது. 1947இல் சென்னை மாகாணச் சட்டம் ஆலயக் கதவுகளை யாவர்க்கும் திறந்தது. சட்டம் வகுத்தோருக்கு நாம் நன்றி பாராட்டுவோம். ஆயினும் சைவர் இதனைச் சட்டத்திடம் கற்க வேண்டியிருந்ததில்லை. ஏழாம் நூற்றாண்டிலேயே நிகழ்ந்து, பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமானால் எழுதப்பெற்று, ஆண்டுதோறும் குருபூசையாக நம் முன் வந்து நின்ற பாடம் இது.

நம் கடமை

இனி அன்பர்கள் செய்யத்தக்கதை ஒருசில சொற்களாற் கூறி அமைவோம். பல ஆலயங்களில் வைகாசி மூலத்தன்று சம்பந்தர் குருபூசை மட்டும் நடைபெறுகின்றது. மற்ற மூவர் பெயரும் அருச்சனையில் வாராமலே நாள் கழிகின்றது. அது சம்பந்தர் உள்ளத்துக்கு உவப்பாகாது. தம்முன்னே யாவரையும் புகவிட்டுத் தாம் பின்சென்றவர் அவர். ஆகவே திருத்தங்கலில் இக்குடமுழுக்கின் பயனாக, அந்நாளில் நால்வர்க்கும் ஒருங்கே அபிடேக ஆராதனை நடைபெறக் கட்டளை ஒன்று அமைதல் நன்று. முருகர் பெயரால் திருமாலை, நீலநக்கர் பெயரால் வேள்வியும் அருச்சனையும், பாணர் பெயரால் மங்கல இசை, சம்பந்தர் பெயரால் திருமுறை விண்ணப்பம் என நான்காகப் பகுத்தால், எளிய செல்வமுடையாரும் ஒவ்வொன்றில் பங்குகொள்ளலாம். மதங்கசூளாமணியாரையும், நீலநக்கர் மனைவியாரையும், பெருமணத்துப் புகுந்த மணமகளாரையும் அன்று நினைத்தல் வேண்டும். சிவிகை தாங்கியோர் பெயரைச் சேக்கிழாரும் குறிக்கவில்லை. அவர் பொருட்டு அன்று வருவோர் அனைவர்க்கும் அன்னம் பாலித்தல் தகும். கட்டளைக்குப் பொருள் தருவோர், ஓதுவாரும் இசைஞரும் வறுமையுறாத வகையில் அதனை அளவிட்டு வகுத்தல் வேண்டும். முக்குறுணி நெல் என்று அளந்து கல்லில் எழுதிய மன்னன் நமக்கு அதற்கும் வழிகாட்டியிருக்கின்றான்.

யாகசாலையினின்று எழுந்தருளும் கடத்து நீர் விமானத்துக் கலசத்தில் வார்க்கப்பட்டு, கீழே கைகூப்பி நிற்போர் அனைவர்மீதும் தெளிக்கப்படும். அத்துளி ஏற்பவர் குலம் வினவுவதில்லை. குடமுழுக்கு நாளில் காணும் இவ்வொருமை மண்டல பூசை நாற்பத்தெட்டு நாளோடு நின்றுவிடாது, வரும் ஒவ்வொரு வைகாசி மூலத்திலும் நம் திருத்தங்கலில் விளங்குமாறு கருநெல்லிநாதர் திருவருளும் நால்வர் குருவருளும் துணைநிற்க.

திருச்சிற்றம்பலம்